மெல்தே ஆறு கோடையில் எங்கே போகிறது?

கேள்வி இது: தெற்கு வேல்ஸில் ஓடும் மெல்தே ஆறு, கோடையில் ஒரு கிராமத்தைத் தாண்டியதும் வெறும் கல்லும் பாசியுமாகக் கிடக்கிறது. இரண்டு கிலோமீட்டர் கீழே போனால் அதே ஆறு அருவியாகக் கொட்டுகிறது. நடுவில் தண்ணீர் எங்கே போகிறது? ஆற்றின் முழுப் போக்கையும், நேரில் போனால் எதை எங்கே பார்க்கலாம் என்பதையும் சொல்ல முடியுமா?

சுருக்கமான விடை: ஆறு வற்றவில்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிப் போகிறது. அந்தர்வாகினி என்று நாம் சொல்கிற சங்கதிதான். ஆனால் அதோடு விட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். மெல்தே என்ற பெயரில் இந்த ஆறு ஓடுவது ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அதற்குள் நான்கு வகைப் பாறைகளைக் கடக்கிறது. பாறை மாறும் இடத்திலெல்லாம் ஆற்றின் குணமும் மாறுகிறது. காலுக்கடியில் இருப்பது என்ன பாறை என்று தெரிந்துவிட்டால் ஆறு அடுத்து என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலில் பெயர்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் அதிகம். வெல்ஷ் மொழியில் ஒரு சொல் இன்னொன்றோடு சேரும்போது முதல் எழுத்தே திரியும். நம் புணர்ச்சி இலக்கணம் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ‘அஸ்ட்ராட்’ என்றால் அகன்ற பள்ளத்தாக்கு. அதோடு மெல்தே சேரும்போது மகரம் வகரமாகி, ஊரின் பெயர் அஸ்ட்ராட்வெல்தே ஆகிறது. ‘பெரிய’ என்ற பொருள் தரும் மௌர், வௌர் ஆகும். ‘சின்ன’ என்ற பெக்கன், வெக்கன் ஆகும். ஆக நெத் வெக்கன் என்றால் சின்ன நெத் ஆறு. மெல்தே என்ற பெயரை மின்னலைக் குறிக்கும் ‘மெல்த்’ என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். அதில் வரும் லகரம் நம் லகரம் இல்லை: நாக்கை ‘ல’ சொல்லும் இடத்தில் வைத்து, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் ஊத வேண்டும்.

ஆறு தொடங்குவது பன்னை ப்ரகைனியோக் தேசியப் பூங்காவின் ஃபோரஸ்ட் வௌர் மேட்டில். ப்ரெக்கன் பீக்கன்ஸ் என்று பழைய வரைபடங்களில் இருக்கும் அதே பூங்காதான். மெல்தேக்குத் தாயாறுகள் இரண்டு. லியா ஓடை, வான் நெத், வான் லியா என்ற இரு மலைகளுக்கு இடையிலுள்ள கணவாய்ப் பக்கம் பிறக்கிறது. அங்கே மாயென் லியா என்ற நடுகல் நிற்கிறது. மூன்றரை மீட்டருக்கும் உயரமான ஒற்றைச் செம்மணற்கல் பலகை. வான் லியாவின் கிழக்கே இருக்கும் பள்ளத்தாக்கில் ட்ரிங்கார்த் ஓடை வருகிறது. அதை மறித்து 1914-இல் கட்டி முடித்த அஸ்ட்ராட்வெல்தே நீர்த்தேக்கம் இருக்கிறது. இரண்டு ஓடைகளும் அஸ்ட்ராட்வெல்தே ஊருக்குச் சற்று வடக்கே கூடிய பிறகுதான் மெல்தே என்ற பெயர்.

இந்த மேட்டு நிலம் முழுக்கப் பழைய செம்மணற்கல். டெவோனியன் காலத்தது, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமை. அதன் மேல் போர்வை போலக் கரிமண், அதாவது பாதி மக்கிய பாசியும் புல்லும் சேர்ந்த கறுப்பு மண். செம்மணற்கல்லில் தண்ணீர் எளிதில் இறங்காது. பெய்த மழை சின்னச் சின்ன ஓடைகளாக மேலேயே வழிந்துவிடும். கரிமண்ணை ஊறிக்கொண்டு வருவதால் தண்ணீர் தேயிலைச் சாறு நிறத்தில் இருக்கும், லேசாகப் புளிப்புத்தன்மையும் இருக்கும். செம்மணற்கல்லில் கரையக்கூடிய சுண்ணாம்பு அதிகம் இல்லாததால் இது மென்னீர். கீழே நடக்கப்போவதெல்லாம் இந்தத் தண்ணீரின் குணத்தால்தான்.

பாறை அடுக்குகள் அனைத்தும் தெற்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. தென் வேல்ஸ் நிலக்கரி வயல் ஒரு பெரிய தாம்பாளம் என்றால் நாம் நிற்பது அதன் வடக்கு விளிம்பு. அதனால் வடக்கிலிருந்து தெற்கே நடக்க நடக்க, மேலும் மேலும் இளைய பாறை காலுக்கடியில் வரும்: முதலில் செம்மணற்கல், அடுத்து கரிக்காலச் சுண்ணாம்புக்கல், அதன் மேல் டூர்க் மணற்கல் என்ற கடினப் பாறை (பழைய நூல்களில் மில்ஸ்டோன் க்ரிட் என்ற தொகுதியின் அடிப்பகுதியாக வரும்), பிறகு மென்மையான களிப்பாறை. சுண்ணாம்புக்கல் வெளித்தெரிவது கிழக்கு மேற்காக ஒரு குறுகிய பட்டையாகத்தான். மெல்தே, அதன் இரு பக்கத்துத் துணைகளான நெத் வெக்கன், ஹெப்ஸ்தே என மூன்று ஆறுகளும் அந்தப் பட்டையைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போயாக வேண்டும். மூன்றுமே அங்கே மறைகின்றன.

இனி கேள்வியின் மையத்துக்கு வரலாம். அஸ்ட்ராட்வெல்தே ஊரை ஒட்டி மெல்தே சுண்ணாம்புக்கல் மேல் ஏறுகிறது. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு வலுக்குறைந்த கார்பானிக் அமிலமாக வருகிறது. கரிமண்ணின் அமிலமும் அதோடு சேர்கிறது. ஏற்கெனவே சுண்ணாம்பு கரைந்து நிறைவான தண்ணீராக இருந்தால் இன்னும் கரைக்கும் சக்தி அதற்கு இருக்காது. ஆனால் மலையிலிருந்து வருவது பசியோடு வருகிற தண்ணீர். சுண்ணாம்புக்கல்லின் செங்குத்து வெடிப்புகளிலும், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவேயுள்ள இடுக்குகளிலும் அது புகுந்து கரைக்கிறது. மயிரிழை வெடிப்பு விரல் நுழையும் சந்தாகிறது, பிறகு ஆள் நுழையும் பொந்தாகிறது. அகன்ற பொந்து மேலும் தண்ணீரை இழுக்கும். கூடுதல் தண்ணீர் அதை மேலும் அகலமாக்கும்.

கோடையில் மட்டும் ஆறு மறைவது ஏன் என்று கேட்பவர்கள், கோடையில் ஏதோ ஒரு துளை திறந்துகொள்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். துளைகள் வருடம் முழுக்கத் திறந்தேதான் இருக்கின்றன. படுகையிலுள்ள உறிஞ்சு துளைகள் ஒரு நொடிக்கு இவ்வளவு தண்ணீர்தான் விழுங்கும் என்று ஓர் அளவு உண்டு. மழைக்காலத்தில் ஆறு கொண்டுவருவது அந்த அளவைத் தாண்டும்; மிச்சம் மேலே ஓடும், பார்ப்பவருக்கு முழு ஆறாகவே தெரியும். வறட்சியில் வரத்து அந்த அளவுக்குக் கீழே இறங்கியதும் கடைசிச் சொட்டு வரை உள்ளே போய்விடும். வரத்து இன்னும் குறைந்தால் மேல்புறத் துளைகளே போதும் என்றாகி, ஆறு மறையும் இடம் ஊர்ப்பக்கமாக மேலேறும். மழை பெய்தால் கீழே நகரும். அதனால் ‘ஆறு மறையும் இடம்’ என்று வரைபடத்தில் ஒரே புள்ளியைத் தேடக்கூடாது. அது வாரத்துக்கு வாரம் நகரும் இடம்.

ஊருக்குத் தெற்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் போர்த் அர் ஓகோவ், ‘குகையின் வாசல்’. வாய் சுமார் 17 மீட்டர் அகலம். வேல்ஸிலேயே பெரிய குகை வாய் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆறு நிறைய ஓடும் நாளில் நேராக இதற்குள்ளே நுழைகிறது. வறண்ட நாளில் வாசலுக்கு வெளியே ஆறே இருக்காது, ஆனால் உள்ளே தண்ணீர் ஓடும்: மேலே படுகையில் இறங்கிய நீர் பக்கவழிகளில் வந்து குகைக்குள் சேர்ந்துகொள்கிறது. உள்ளே ஒரு குளத்தின் ஓரச் சுவரில் வெண்மையான கால்சைட் (சுண்ணாம்புப் படிகம்) கோடுகள் குதிரைத் தலை போலத் தெரியும். அதனால் அதற்கு வெள்ளைக் குதிரைக் குளம் என்று பெயர். தெரிந்த குகைவழிகளின் மொத்த நீளம் 2 கிலோமீட்டருக்கும் அதிகம். ஆறு மலைக்கடியில் ஓடுவது மட்டும் சுமார் 300 மீட்டர்.

பெரும்பாலானவர்கள் குகை வாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கூம் போர்த் வாகன நிறுத்தத்தின் பக்கமிருந்து குகையின் கூரைமேலேயே தெற்கே நடந்து பார்ப்பதுதான் பாடம். காலடியில் ஒரு வறண்ட பள்ளத்தாக்கு கிடக்கும், படுகை உண்டு, கரை உண்டு, ஆறு இல்லை. குகை பிறப்பதற்கு முன்னால் மெல்தே ஓடிய பழைய தடம் அது. இடையிடையே கூரை இடிந்த குழிகள். அவற்றில் சில கீழே குகைக்குள்ளேயே திறக்கின்றன. விளிம்பில் ஈரப் பாசி இருக்கும், அருகே போகக்கூடாது. அந்தத் தடத்தின் முடிவில் ஆறு ஓர் ஆழமான குளமாக வெளியே வருகிறது.

அந்தக் குளத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். அமைதியாக, நீலமும் கறுப்பும் கலந்து அழகாக இருக்கும் அந்த நீர் பல உயிர்களை வாங்கியிருக்கிறது. பாதி வெளிச்சத்தில் ‘இதோ வெளிவாசல், பத்து கை வீச்சில் போய்விடலாம்’ என்று குகைக்குள்ளிருந்து நீந்தி வர முயன்றவர்களே பலர். நிலத்தடியில் வந்த நீர் கோடையிலும் உடம்பை உறைய வைக்கும் குளிர். திடீரென்று குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. சில நிமிடங்களில் கை கால் மரத்துப்போகும். கனத்த காலணியும் குகை உடையும் கீழே இழுக்கும். சுவர்கள் உட்குடைந்தவை, பிடிக்க விளிம்பு கிடையாது. அனுபவமுள்ள குகைக்காரர்களும் அங்கே இறந்திருக்கிறார்கள். கரையிலும் வெளியிலும் நின்று பார்ப்பது மட்டுமே சரி.

குகையைத் தாண்டியதும் சீக்கிரமே சுண்ணாம்புப் பட்டை முடிகிறது. ஆறு டூர்க் மணற்கல்லுக்கும் களிப்பாறைக்கும் வந்துவிடுகிறது. இங்கே அது மறைவதில்லை, விழத் தொடங்குகிறது. பூமியின் அசைவால் பாறை உடைந்து, ஒரு பக்கம் இறங்கியும் மறுபக்கம் ஏறியும் நிற்பதைப் பிளவுப்பெயர்ச்சி என்போம். அப்படிப்பட்ட பிளவுகள் இந்தப் பகுதியில் நிறைய. மேல்புறம் கடினமான மணற்கல்லும் கீழ்ப்புறம் மென்மையான களிப்பாறையும் பிளவுக் கோட்டில் அருகருகே வந்தால், ஆறு களிப்பாறையை வேகமாகச் சுரண்டிவிடும், மணற்கல் படியாக நிற்கும். பெரும்பாலான அருவிகள் இப்படித்தான் உருவாயின. மெல்தேயில் மூன்று: ஸ்கூட் க்ளீன்-க்வின், அதன் கீழே ஸ்கூட் இசாவ் க்ளீன்-க்வின் (‘இசாவ்’ என்றால் கீழ்), பிறகு ஸ்கூட் அ பன்னூர், கம்பளித் துணியை மிதித்து வெளுப்பவரின் அருவி. ‘ஸ்கூட்’ என்பதே இந்த வட்டாரத்தில் அருவிக்கான சொல்.

பன்னூருக்குக் கீழே கிழக்கிலிருந்து ஹெப்ஸ்தே வந்து சேர்கிறது. அதுவும் சுண்ணாம்புப் பட்டையில் கோடையில் முழுக்க மறைகிற ஆறு. வறண்ட என்று பொருள்படும் ‘ஹெஸ்ப்’ என்ற வெல்ஷ் சொல் அதன் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது என்பார்கள். மெல்தேயோடு கலப்பதற்குச் சற்று முன்னால் ஹெப்ஸ்தேயில் இருப்பது ஸ்கூட் அர் எய்ரா, பனி அருவி. உயரம் சுமார் 15 மீட்டர். மேலே கடினமான மணற்கல் பலகை, அதன் கீழே மென்மையான களிப்பாறை. விழும் நீரின் சாரலும் பனிக்கால உறைவும் கீழ்ப்பாறையை உதிர்த்து உள்வாங்க வைக்கின்றன. அதனால் நீர்த்திரைக்குப் பின்னால் ஒரு திண்ணை உருவாகி, மனிதர் நடந்து கடக்க முடிகிறது. ஆடு மாடு ஓட்டிச் சென்றவர்கள் இந்த வழியைப் பயன்படுத்தியதாக ஊர்வழக்கு உண்டு. அதே உதிர்தல் இன்றும் நடக்கிறது. திண்ணைக்கு மேலே துருத்தி நிற்கும் பலகை ஒருநாள் உடைந்து விழும், அருவி ஓரடி பின்வாங்கும். கீழேயுள்ள குறுகிய பள்ளத்தாக்கு முழுவதும் இப்படி அருவிகள் பின்வாங்கி நடந்த பாதைதான்.

ஆறு இவ்வளவு வேகமாக இறங்குவதற்குக் காரணம் கீழே இருக்கும் நெத் பள்ளத்தாக்கு. நெத் ஆறு, வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடும் ஒரு பெரிய பிளவு மண்டலத்தைப் பிடித்துக்கொண்டு பள்ளம் தோண்டியது. பனியுகத்தில் பனியாறு அதை மேலும் ஆழப்படுத்தியது. மெல்தே, ஹெப்ஸ்தே ஆகியவற்றின் மேல்பகுதி நீர் ஒரு காலத்தில் தென்கிழக்கே கைனான் பள்ளத்தாக்கு வழியாக ஓடியது, நெத் பின்னோக்கி அரித்து வந்து அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது என்பது நிலவியலாளர்கள் முன்வைக்கும் விளக்கம். மேட்டில் சாந்தமாக ஓடும் ஆறு சில கிலோமீட்டருக்குள் பாதாளத்தில் குதிக்கிற மாதிரி இருப்பதற்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

ஹெப்ஸ்தே கலந்த பிறகு மரம் மூடிய பள்ளத்தாக்கில், ஆற்றோரமாகவே இடிந்த சுவர்கள் நீண்டு கிடக்கும். 1857 முதல் 1931 வரை இயங்கிய வெடிமருந்து ஆலை அது. ஆற்று நீர் சக்கரங்களைச் சுழற்றியது. சுற்றியுள்ள காட்டு மரம் கரியானது. தீப்பொறி பட்டால் எல்லாமே போய்விடும் என்பதால் கட்டடங்களை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டினார்கள், நடுவே குதிரை இழுக்கும் சிறு தண்டவாளம் போட்டார்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் கறுப்பு வெடிமருந்துக்கு அனுமதி நின்றதும் ஆலை மூடிற்று.

அதற்கும் கீழே டினாஸ் பாறை. பிளவு மண்டலம் இங்கே சுண்ணாம்புக்கல்லை மறுபடி மேலே தூக்கி நிறுத்தியிருக்கிறது; சக்ரிட் ஓடைப் பக்கம் ‘ப்வா மாயென்’ என்ற பாறை வளைவில் அடுக்குகள் வில்லாக மடிந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். அருகில் தோண்டி எடுத்தது ஏறக்குறைய முழுக்கச் சிலிக்காவாலான மணற்கல். வில்லியம் வெஸ்டன் யங் 1822-இல் அதிலிருந்து உலைச்செங்கல் செய்யும் வழியைக் கண்டார். உருக்கு உலைகளின் வெப்பத்தைத் தாங்கும் அந்தச் செங்கல் உலகமெங்கும் போனது. ரஷ்ய மொழியில் இன்றும் சிலிக்கா உலைச்செங்கல்லுக்கு ‘தினாஸ்’ என்றே பெயர். சுரங்கங்கள் 1964-இல் மூடப்பட்டன.

பொன்ட்நெத்வெக்கன் ஊரில் நெத் வெக்கனோடு கலந்ததும் மெல்தே என்ற பெயர் முடிகிறது. அதன்பின் நெத் ஆறாக, க்ளின்நெத், ரெசால்வன், நீத் நகரம் வழியே ஓடி, ப்ரிட்டன் ஃபெர்ரியைத் தாண்டி பாக்லான் பக்கம் ஸ்வான்சீ விரிகுடாவில் சேர்கிறது.

நேரில் போகிறவர்களுக்கு: ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்12 வரைபடத்தைக் காகிதமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் கைபேசிச் சிக்னலை நம்ப முடியாது. நான்கு அருவி நடை கூம் போர்த் அல்லது க்வைன் ஹெப்ஸ்தே வாகன நிறுத்தத்திலிருந்து தொடங்கும். போய்வர சுமார் 8 கிலோமீட்டர், நின்று பார்த்து நடக்க நான்கு மணி நேரம் வையுங்கள். கடைசியாக ஸ்கூட் அர் எய்ராவுக்கு இறங்கும் படிக்கட்டு செங்குத்தானது. இறங்கியதை ஏறியாக வேண்டும் என்பதை நினைவில் வைத்து நீரையும் பலத்தையும் மிச்சம் பிடியுங்கள். அருவிக்குப் பின்னால் போவதானால் நீர் குறைவாக இருக்கும்போது மட்டும். வெள்ளத்திலும் பனி உறைந்த நாளிலும் வேண்டாம். அடிப்பாகம் பிடிக்கும் காலணி தேவை. ஈரச் சுண்ணாம்புக்கல் பலர் மிதித்து மெருகேறியது, மணற்கல்லைவிட மோசமாக வழுக்கும். மேட்டில் கரிமண்ணும் செம்மணற்கல்லும் நீரைப் பிடித்துவைக்காததால், மேலே பெய்த மழை சில மணி நேரத்தில் குகைக்குள் மட்டத்தை உயர்த்திவிடும். உங்கள் தலைக்குமேல் வெயில் அடித்துக்கொண்டிருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். குகைக்குள் வெளிச்சம் எட்டும் தூரத்தைத் தாண்டிப் போவதென்றால் தலைக்கவசம், இரண்டு விளக்கு, தகுதி பெற்ற வழிகாட்டி மூன்றும் கட்டாயம். விபத்து நேர்ந்தால் 999-ஐ அழைத்து முதலில் காவல்துறையைக் கேட்டு, மலை மீட்பு அல்லது குகை மீட்பு வேண்டும் என்று சொல்லுங்கள்.

பாறையை அடையாளம் காண ஒரு சின்ன வழி: கல்லின் மேற்பரப்பைக் கத்தி முனையால் சுரண்டி, அந்தத் தூள்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். சுண்ணாம்புக்கல் மெல்ல நுரைக்கும், மணற்கல் சும்மா இருக்கும். சுரண்டாமல் விட்டால் நுரை தெரியாமல் போகலாம். இதை உதிர்ந்து கிடக்கும் துண்டில் செய்யுங்கள், குகைச் சுவரில் வேண்டாம். படுகையில் சிவந்த உருண்டைக் கற்களைக் கண்டு இது செம்மணற்கல் பகுதி என்று முடிவுகட்டாதீர்கள். அவை மேட்டிலிருந்து ஆறு உருட்டி வந்தவை, அசையாத அடிப்பாறை சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லாகவே இருக்கும். நீரின் மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி இருந்தால் ஊருக்கு மேலே ஒருமுறை, குகைக்குக் கீழே ஒருமுறை அளந்து பாருங்கள். வறண்ட நாளில் கீழே எண் கூடியிருக்கும், அது கரைந்த சுண்ணாம்பு. வெள்ளத்தில் தண்ணீருக்குக் கல்லோடு இருக்க நேரம் போதாது, வித்தியாசம் மிகவும் குறையும்.

எந்த நாளில் போவது என்பதை எதைப் பார்க்க விரும்புகிறீர்களோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். ஆறு மறைவதைப் பார்க்க, இரண்டு வாரம் மழையில்லாத கோடை நாளில் ஊரிலிருந்து கரையோரப் பாதையில் குகை வரை நடக்க வேண்டும். அன்று அருவிகள் மெலிந்துதான் இருக்கும். அருவிகள் நிறைந்து கொட்டுவதைப் பார்க்க, நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்துப் போங்கள். அன்று ஊரிலிருந்து குகை வரை ஆறு மேலேயே ஓடும், காலடியில் ஒரு பகுதி இறங்கிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது.